தரங்கம்பாடிக்கு இரண்டு மணி நேரம் போதாது

மயிலாடுதுறைப் பக்கம் கோயில் சுற்றுலாவாக வருகிற வேன்களுக்குப் பெரும்பாலும் ஒரே கால அட்டவணைதான். காலையில் திருக்கடையூரில் யாருக்காவது அறுபதாம் கல்யாணம், மாலைக்குள் திருநள்ளாறு, நேரம் மிஞ்சினால் நாகூரும் வேளாங்கண்ணியும். இவற்றுக்கு நடுவில், போகிற வழியிலேயே இருப்பதால், தரங்கம்பாடி. பதினொன்றரை மணிவாக்கில் வண்டி வந்து நிற்கும். கோட்டைக்குள் ஒரு சுற்று, பீரங்கியோடு ஒரு படம், கொதிக்கிற மணலில் நாலு அடி, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். ஒன்றரைக்கெல்லாம் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ‘அங்கே பெரிதாக ஒன்றுமில்லை’ என்ற பேச்சு இப்படித்தான் பரவுகிறது. உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்? கோயிலுக்கு நடை திறக்கும் நேரம் பார்த்துப் போகிற நாம், கடற்கரைக்கு மட்டும் எந்த நேரத்தில் போனாலும் சரி என்று நினைத்துக்கொள்கிறோம். கடலோர ஊரை அதன் வேளையில்தான் பார்க்க வேண்டும். அதற்கு அங்கே இரண்டு இரவு தங்கியே ஆக வேண்டும். பார்க்கிற இடங்களின் பட்டியல் அதற்கு அப்புறம்தான்.

முதலில் வெயில் கணக்கு. கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து நிலத்துக்குள் விழுகிறது. அதனால் விடியலில் எதிரே ஒளி இருந்தாலும் சூடு இருக்காது. காலை பத்திலிருந்து மூன்று வரை மணலில் நிற்கவே முடியாது. நாலு மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கட்டடங்களின் நிழல் கடலை நோக்கி நீளத் தொடங்கும். காற்றுக்கும் இதே போல ஒழுங்கு உண்டு. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுகிறது. நிலத்து மேலிருக்கிற காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பெரும்பாலான நாட்களில் நண்பகலை ஒட்டித் தொடங்கும் இந்தக் காற்று மாலையில்தான் சுகமாக வீசும். இரவில் கதை தலைகீழ். நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் பின்னிரவில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். பாய் கட்டி ஓடிய காலத்துக் கட்டுமரங்கள் அந்தக் காற்றில் கடலுக்குள் போய், இந்தக் காற்றில் கரைக்குத் திரும்பின. இன்று மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் கரையில் வேலை நடக்கும் நேரம் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதிக்கும், சில நாள் வராமலேகூடப் போகும். அந்த மாதங்களில் போய்விட்டுக் கடற்கரையில் காற்றே இல்லை என்று குறைப்படுபவர்கள் சொல்வது உண்மைதான்.

மேற்குக் கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் குறை வேறு: இங்கே சூரியன் கடலில் மறைவதில்லை. அதற்கு ஈடாகப் பௌர்ணமி இருக்கிறது. முழுநிலவன்று சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிற அதே நேரத்தை ஒட்டி, எதிரே கடலிலிருந்து நிலவு ஏறும். கேரளத்துக் கரைகளில் இதைப் பார்க்க முடியாது. பகல் இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுகிற வேன்காரர்களும் பார்க்க முடியாது. கடலைப் பற்றி இன்னொரு பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். இந்தக் கரையில் ஓசோன் நிறைந்திருக்கிறது, மூச்சுக்கு நல்லது என்று நெடுங்காலமாக விளம்பரம் செய்கிறார்கள். தரைமட்டத்தில் ஓசோன் நுரையீரலை உறுத்துகிற வாயு. கடலோரத்தில் நாம் முகர்கிற அந்தத் தனி வாசனை பெரும்பாலும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. கடலின் நுண்பாசிகளில் இருக்கும் ஒரு பொருளைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அது வெளிப்படுகிறது. கடற்கரையில் உட்கார்ந்தால் மனசு லேசாவது நிஜம். அதற்கு ஓசோனின் சிபாரிசு வேண்டாம்.

காலையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மீன் இறங்கும் இடத்துக்குப் போவது. சிறு ஃபைபர் படகுகள் வலையோடு திரும்புகிற நேரம் விடியலை ஒட்டியது. சில ஆண்டுகளுக்கு முன் இங்கே மீன்பிடித் துறைமுகம் கட்டியிருப்பதால், எந்தப் படகு எங்கே இறங்கும் என்பதை முதல் நாள் மாலையே விசாரித்துக்கொள்வது நல்லது. வலையிலிருந்து உதறி எடுத்த மீனை வகை பிரித்துக் கொட்டுவார்கள். தார்ப்பாயில் குவிந்த நெத்திலி வெள்ளிக் கம்பிகளைப் போல மின்னும். பக்கத்திலேயே கால் மடக்கிய நண்டு, நீர் சொட்டும் கணவாய், சிவந்த சங்கரா. ஏலம் கூறுகிறவர் ஒரு தொகையில் தொடங்கி, மூச்சு விடாமல் ஏற்றிக்கொண்டே போவார். கேட்கிறவர்களோ தலையசைவிலும் புருவத்திலும் பதில் சொல்வார்கள். பழக்கமில்லாத கண்ணுக்கு மீன் யாருக்குப் போனது என்றே தெரியாது. அலுமினியச் சட்டியோடு நிற்கும் மீன்காரம்மா செவுளைத் தூக்கி நிறம் பார்க்கிறார், விரலால் வயிற்றை அழுத்துகிறார், கண் பிதுங்கி இருக்கிறதா என்று பார்க்கிறார். மூன்றும் சேர்ந்து ஐந்து நொடிகூட ஆகாது. அவருடைய அன்றைய பிழைப்பு அந்த ஐந்து நொடியில் இருக்கிறது. சந்தையில் மீன் வாங்கத் தெரியாதவர்கள் இரண்டு காலை இங்கே நின்றால் கற்றுக்கொண்டுவிடலாம்.

இந்த மீன் குவியலுக்கும் ஊரின் சரித்திரத்துக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், இந்தக் கரையில் பிடிபடும் மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றைக் கொண்டு பிளாக் பல மீனினங்களை முதன்முதலாக விவரித்து எழுதினார். நன்றிக்கு அடையாளமாகக் கத்தாளை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்றே பெயர் வைத்தார். அதில் ஒன்று ஜானியஸ் கருட்டா, நம்முடைய கறுத்த கத்தாளை. உலகமெங்கும் ஆய்வேடுகளில் இருக்கும் அந்தப் பெயரின் சொந்தக்காரனை இங்கே கூறு கட்டி விற்கிறார்கள், அதுவும் மலிவாக. கடற்கரையில் பார்க்க ஒன்றுமில்லை என்று அந்தப் பாதிரியார் நினைத்திருந்தால் மீனியலுக்கு நஷ்டம்.

வெயில் தணிந்த பிறகு கோட்டையும் தெருக்களும். மூடும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு டென்மார்க்கின் கம்பெனி 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டது. கப்பல்தலைவன் ஓவ கெட்ட என்பவன் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினான். நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டையின் கீழ்த்தளம் கிடங்குக்கும் சிறைக்கும், மேல்தளம் அதிகாரிகளுக்கும் என்று அமைந்தது. 1845இல் டேனியர்கள் தங்கள் இந்திய இடங்களை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளுக்கு அரை மணி நேரம் போதும். கடல் பக்கத்து மதிலுக்கு அதைவிட அதிகம் கொடுக்கலாம். 1792இல் கட்டிய ஊர் நுழைவாயில், 1701ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயம், முகப்பில் டென்மார்க் அரசனின் முடியும் முத்திரையும் பொறித்த 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயம், ராஜ வீதியின் பெரிய வீடுகள், பொற்கொல்லர் தெருவில் செப்பனிட்ட திண்ணை வீடுகள் என்று எல்லாமே நடக்கிற தூரம்தான். நடக்கும்போது சுவர்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஈரத்தோடு சுவருக்குள் ஏறிய உப்பு, காயும்போது படிகமாகிப் பூச்சை உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கிறது. இதற்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் மாவாகிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்து பழுதுபார்த்தவர்கள் சுண்ணாம்பையே திரும்பப் பூசினார்கள். ஒரே தெருவில் இரண்டு விதமான சுவரையும் பார்க்கலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டை வேடிக்கை பார்ப்பதுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஊரை ‘டேனிஷ் நகரம்’ என்று மட்டுமே விற்கிற சுற்றுலாக் கையேடுகள் அந்தச் சந்தேகத்தை வளர்க்கின்றன. ஆனால் கோட்டையிலிருந்து சில நிமிடம் வடக்கே நடந்தால், அலைக்கு மிகப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306இல், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கட்டுமானம். டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்தத் துறையில் ஊரும் வியாபாரமும் இருந்ததற்கு அது சாட்சி. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டேனியரின் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் இந்த ஊரின் வயதில் ஒரு பங்கு. அந்தப் பங்கையும் அதன் அளவோடு பார்ப்பதில் தவறில்லை.

அடுத்து வரும் ஆட்சேபம்தான் வலுவானது. இவ்வளவும் ஒரு நாளில் முடிந்துவிடும், இரண்டாம் நாள் என்ன செய்வது? முதல் நாள் செய்ததையே செய்யலாம் என்பதுதான் நேர்மையான பதில். இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. முதல் நாள் ஏலத்தில் சத்தம் மட்டும் காதில் விழும். இரண்டாம் நாள் தொகை புரியும். முதல் நாள் கடல் ஒரே நீலமாகத் தெரியும். மறுநாள் அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்பது கண்ணில் படும். இந்த ஊரிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 1706 ஜூலை 9இல் இங்கே வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டில் டேனிஷ் ஆளுநரோடு மோதி, இதே கோட்டையில் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அச்சுக்குக் காகிதம் வேண்டும் என்று பக்கத்துப் பொறையாரை ஒட்டித் தொடங்கிய ஆலையின் நினைவாக, கடுதாசிப்பட்டறை என்ற இடம் இன்றும் இருக்கிறது. மதம் மாற்ற வந்தவர், கேட்டுக் கேட்டு, இங்கத்துத் தெய்வங்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதற்கா அனுப்பினோம் என்று ஹாலேயில் இருந்தவர்கள் ஒதுக்கிவைத்த அந்தக் கையெழுத்துப் பிரதி, 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. 1719இல் முப்பத்தாறு வயதில் இறந்து, தான் கட்டிய எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கமானார். அவருடைய நோக்கத்தை ஏற்கலாம், மறுக்கலாம். இந்த ஊர் அவருக்குக் கொடுத்ததெல்லாம் உட்கார்ந்து கேட்டதற்குக் கிடைத்ததுதான். விடுமுறைக்கு வருகிறவர் புத்தகம் எழுத வேண்டியதில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தாலே போதும். வெயில் நேரத்தில் கடலோரத்துக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

குளிக்கக் கூடாதா என்றால், இங்கே கடல் குளிக்கிற கடலில்லை. சோழமண்டலக் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. கரை சீக்கிரம் ஆழமாகும், அலை கரைக்குப் பக்கத்திலேயே வந்து உடையும். போதாததற்கு இங்கே கரையோரம் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். கால் நனைக்கலாம் என்று இறங்குகிறவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வரிசையாக அலை உடைந்து நுரைக்கும் இடங்களுக்கு நடுவே, அலையே இல்லாமல் கொஞ்சம் இருண்டு அமைதியாகத் தெரிகிற பட்டை இருந்தால், அதுதான் பாதுகாப்பான இடம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்கு ஓடுகிற வழியே அதுதான். அதில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். இத்தனையும் நினைவில் வைத்துக்கொண்டு குளிப்பதைவிட, கணுக்கால் வரை நின்றுவிட்டுத் திரும்புவது மேல். நீச்சல்தான் முக்கியம் என்பவர்களுக்கு இந்த ஊரைச் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டில் ஒரு பிழையைத் தவிர்க்கலாம். கடற்கரைக்குப் போனால் வஞ்சிரம்தான் என்று பலர் கேட்கிறார்கள். பெரிய வஞ்சிரம் இறங்கிய வேகத்தில் நகரங்களுக்கு லாரி ஏறிவிடும். கடலோரத்து ஓட்டலில் தட்டுக்கு வருவது நேற்றைய ஐஸ் மீனாகவும் இருக்கலாம். அன்றைக்கு என்ன பாடு என்று கேட்டு, மத்தியோ கிழங்கானோ காரப்பொடியோ, கிடைத்ததைக் குழம்பு வைக்கச் சொல்வதுதான் புத்தி. சிறு விடுதிகளில் காலையிலேயே சொல்லிவைத்தால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சிறு படகுகளின் மீன் மட்டுமே கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். அந்த இரண்டு மாதமும் வெயிலும் உச்சத்தில் இருக்கும் என்பதால் போகாமல் இருப்பதே நல்லது.

மீனவர் பிழைக்கிற இடத்தில் போய் நின்று வேடிக்கை பார்ப்பது அவர்களுக்குத் தொந்தரவில்லையா என்ற கேள்வியை மழுப்பக் கூடாது. தொந்தரவுதான், நிற்கிற விதத்தைப் பொறுத்து. ஏலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்பது, வலையை மிதிப்பது, கேட்காமல் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுவது எல்லாம் வேலைக்கு இடைஞ்சல். 2004 டிசம்பர் 26இல் தமிழ்நாட்டில் மிக அதிக உயிர்களைச் சுனாமிக்குப் பறிகொடுத்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். தரங்கம்பாடி அதில்தான் இருந்தது. அந்த நாளைப் பற்றிக் கதை கேட்டுப் போகிறவர்களை இங்கே பலருக்குப் பிடிக்காது. அவர்களாகச் சொன்னால் கேட்கலாம். ஆனால் இதே ஆட்சேபத்தை வைத்தே இரண்டு மணி நேர வருகையை எடைபோட்டுப் பாருங்கள். அவர்கள் தண்ணீர் பாட்டிலையும் பொட்டலக் காகிதத்தையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். சாப்பாடு வேனிலேயே வந்துவிடுகிறது. தங்குகிறவரோ அறைக்கும் காலை இட்லிக்கும் மதிய மீனுக்கும் ஆட்டோவுக்கும் இங்கேயே பணம் கொடுக்கிறார். இரண்டாம் நாள் அதே கடையில் டீ குடிக்கும்போது பழகிய முகமாகிவிடுகிறார். கூட்டம் தங்கத் தொடங்கினால் இதுவும் மாமல்லபுரம்போல ஆகிவிடாதா என்றால், ஆகலாம். சனி, ஞாயிறில் இப்போதே நெரிசல்தான். கரையை ஒட்டிப் பெரிய விடுதிகள் எழுந்தால், மேலே சொன்ன எதுவும் மிஞ்சாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, அவர்களுக்காக எங்கே என்ன கட்டுகிறார்கள் என்பதில்தான் ஆபத்து அதிகம். அதைத் தீர்மானிக்க வேண்டியது உள்ளாட்சி அமைப்புகளும் மீனவப் பஞ்சாயத்துகளும். ஊருக்குள் இருக்கிற சிறிய விடுதியைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் விருந்தாளியின் கையில் இருக்கிறது.

மாதம் என்று கேட்டால் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும் எந்த நேரமும் திட்டத்தைக் கலைக்கும். தை பிறந்த பிறகு வானம் தெளியும், இரவுகள் சுகமாக இருக்கும். பங்குனி ஆமை என்று நம் ஊரில் சொல்கிற ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட இந்தக் கரையோரம் ஏறுவதும் இதை ஒட்டிய மாதங்களில்தான். ஒரு ஆமை நூறு முட்டைக்கு மேல்கூட இடும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சுகள் பொரிந்து, வெளிச்சம் தெரிகிற பக்கத்தைக் கடல் என்று நினைத்து ஓடும். இரவில் கரையில் நடக்கிறவர்கள் டார்ச்சையும் செல்போன் விளக்கையும் அணைத்துவிட வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கலாம். அங்கிருந்து தரங்கம்பாடி வரை 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை எண்பதுகளில் நின்றுபோயிற்று, இப்போது பேருந்துதான், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். திங்கள் அல்லது செவ்வாய் மதியம் இரண்டு மணிவாக்கில் வந்து சேர்கிற மாதிரி வைத்துக்கொண்டால், அறையில் பையைப் போட்டுக் கொஞ்சம் தூங்கி எழுவதற்குள் வேன்கள் எல்லாம் போயிருக்கும்.